விர்ச்சுவல் ஃபயர்வால் ஜோடியை அப்கிரேடு செய்யும்போது நெட் எவ்வளவு நேரம் நிற்கும்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறீர்கள். வி.எம்.வேர் (ஒரே சர்வரில் பல வி.எம்.களை, அதாவது மென்பொருள் கணினிகளை, ஓடவிடுவது) ஓடும் இரண்டு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விர்ச்சுவல் ஃபயர்வால், அதாவது நெட்டில் வருவதையும் போவதையும் காவல் காக்கும் ஒரு வி.எம். ஒன்று ஆக்டிவ் (வேலை செய்வது), மற்றது பாசிவ் (அது விழுந்தால் பொறுப்பை எடுக்கக் காத்திருப்பது). இரண்டு பெரிய வெர்ஷன் பின்தங்கிவிட்டீர்கள், இனி பழைய வெர்ஷனுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. நிர்வாகமோ ஒரு நிமிடம்கூட நெட் நிற்கக் கூடாது என்கிறது. ஸ்னாப்ஷாட் (வி.எம்.மின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு அப்கிரேடு கொடுத்துவிடலாமா, ஹெச்.ஏ. (ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் இந்த ஜோடி ஏற்பாடு) இருப்பதால் யாருக்கும் தெரியாமல் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை வினாடி நிற்கும் என்பது ஒன்று. சரியாக நடக்காவிட்டால் பழைய நிலைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்பலாம் என்பது இன்னொன்று. எல்லோரும் முதல் கேள்வியைத்தான் கேட்பார்கள். எனக்கு இரண்டாவதில்தான் கவலை அதிகம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மருத்துவமனை, பள்ளி, விடுதி, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் என்று பல வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். நான் பார்த்த நீண்ட டவுன்டைம் எதுவும் ஃபெயில்ஓவர் (பொறுப்பு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது) வினாடிகளால் வந்ததில்லை. ஃபெயில்ஓவர் ஆன பிறகு ஏதோ ஒன்று பாதியில் நின்று, அது எது என்று தேடிய நேரம்தான் மணிக்கணக்காக நீண்டது. எந்த கம்பெனியின் ஃபயர்வால் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைச் சொல்கிறேன், பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் பெயரோடு சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: பூஜ்யம் கிடையாது, ஆனால் சில வினாடிகளில் முடிக்கலாம். காரணம் எளிது. பாசிவ் பக்கம் இருக்கும் பெட்டி, ஆக்டிவ் உயிரோடு இருக்கிறதா என்று அதன் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இப்படிப் பொறுப்பு மாறுவதற்கான பொது நெறிமுறையான வி.ஆர்.ஆர்.பி.யை எடுத்துக்கொண்டால் வழக்கமான அமைப்பில் வினாடிக்கு ஒரு அறிவிப்பு. மூன்று அறிவிப்பு வராமல் போய், அதற்கு மேல் முன்னுரிமை எண்ணைப் பொறுத்த ஒரு சிறு காத்திருப்பும் கழிந்த பிறகே அடுத்தது பொறுப்பை எடுக்கும். முன்னுரிமை 100 என்றால் மொத்தம் சுமார் 3.6 வினாடி. இது ஆக்டிவ் திடீரென்று செத்துப்போனால் ஆகும் கணக்கு. ஆக்டிவ் தானே முறையாக விலகினால், முன்னுரிமை 0 என்று ஒரு அறிவிப்பு அனுப்பிவிட்டு விலகும்; அப்போது ஒரு வினாடிக்குள் மாறிவிடும். கம்பெனிகளின் சொந்த ஹெச்.ஏ. முறைகளிலும் வேகம் வேறுபட்டாலும் இதே வித்தியாசம் உண்டு. அதனால் அப்கிரேடின்போது ஆக்டிவை ஒருபோதும் நேராக ரீபூட் செய்யாதீர்கள். முதலில் மெனுவில் சஸ்பெண்ட், மெயின்டனன்ஸ் மோடு, ஃபோர்ஸ் ஃபெயில்ஓவர் என்று எது இருக்கிறதோ அதைக் கொடுத்து மாற்றுங்கள், அப்புறம் ரீபூட்.

பிங்கில் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனையில்) விட்டுப்போகும் வினாடிகளைவிட ஆட்கள் உணரும் வினாடிகள் அதிகமாக இருக்கும், இதை நிர்வாகத்திடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். டி.சி.பி. இணைப்பில் ஒரு பாக்கெட் தொலைந்தால், திரும்ப அனுப்புவதற்கான காத்திருப்பு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். பாதை நான்காவது வினாடியில் திறந்துவிட்டாலும், அடுத்த முயற்சி ஏழாவது வினாடியில்தான் என்று அந்தக் கணினி காத்துக்கொண்டிருக்கலாம். பில்லிங் கவுன்டரில் இருப்பவருக்குத் திரை ஏழு வினாடி உறைந்து நிற்கும், பிறகு தானாக நகரும். அதுவும் செஷன் விவரம் (எந்த இணைப்பு யாருடையது என்ற பட்டியல்) பாசிவ் பெட்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால்தான். இல்லாவிட்டால் புதிய ஆக்டிவுக்கு அந்த இணைப்பு யாருடையது என்றே தெரியாது, அறுத்துவிடும். ஃபோர்ட்டிகேட் ஃபயர்வால் வைத்திருந்தால், இந்த விவரத்தை மற்றதற்கு அனுப்பும் செஷன் பிக்கப் வழக்கமாக அணைந்தே இருக்கும், நாமாகத்தான் போட வேண்டும். ஹெச்.ஏ. போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பல இடங்களில் இது போடப்படாமலே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றே பாருங்கள்.

பாசிவை முதலில் அப்கிரேடு செய்து, அதற்கு மாற்றி, பிறகு பழைய ஆக்டிவை அப்கிரேடு செய்வது என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது எல்லாக் கம்பெனிக்கும் பொது, அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் வருவது நடுவில். ஒன்று புதிய வெர்ஷன், மற்றது பழையது என்று நிற்கும் அந்த இடைவெளியில் செஷன் தகவல் இரண்டுக்கும் இடையில் பரிமாறப்படுமா? சில சாதனங்களில் குறிப்பிட்ட வெர்ஷன்களுக்கு நடுவில் மட்டும் நடக்கும். பி.எஃப்.சென்ஸ் போன்ற ஃபயர்வால்களில் அடியில் இருக்கும் ஃப்ரீபி.எஸ்.டி. இயங்குதளத்தின் வெர்ஷன் மாறினால் நடக்காமல் போகலாம். சில சாதனங்கள் வெவ்வேறு வெர்ஷனில் ஜோடி சேர்வதையே ஏற்காது. உங்கள் கம்பெனியின் ரிலீஸ் நோட்ஸில் இந்த ஒரு வரியைத் தேடி எடுங்கள். இரண்டு பெரிய வெர்ஷன் தாவுகிறீர்கள் என்பதால் செஷன்கள் பிழைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். பிழைத்தால் நல்லது.

செஷன் போனால் மருத்துவமனையில் முதலில் அடிபடுவது வி.பி.என்., அதாவது இரண்டு இடங்களை இணையம் வழியாகப் பூட்டிய பாதையில் இணைப்பது. ராத்திரி ஸ்கேன் எடுத்தால் படங்கள் கோயம்புத்தூரில் இருக்கும் ரேடியாலஜிஸ்டுக்குப் போய், அங்கிருந்து ரிப்போர்ட் வருவது இங்கே பல இடங்களில் நடைமுறை. உங்களிடமும் அப்படி ஐபிசெக் வி.பி.என். இருந்தால், உங்கள் பக்கம் மாறியது அந்தப் பக்கத்துக்கு உடனே தெரியாது. பழைய சாவியை வைத்தே அனுப்பிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் செத்துவிட்டது என்று அதன் சோதனை கண்டுபிடித்து, மறுபடி கைகுலுக்கும் வரை படம் போகாது. அமைப்பைப் பொறுத்து இது அரை நிமிடமும் ஆகலாம், பல நிமிடமும் ஆகலாம். அந்தப் பக்கம் ஃபயர்வால் பார்ப்பவரின் எண்ணை வாங்கிவைத்து, அந்த நேரத்தில் டனலை ஒருமுறை அறுத்துக் கட்டச் சொன்னால் உடனே வந்துவிடும்.

இனி விர்ச்சுவல் என்பதால் மட்டும் வரும் சங்கதிகளுக்கு வருகிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் ஃபயர்வால் கம்பெனியின் கையேட்டில் இது ஒரு பத்தியோடு முடிந்துவிடும், வி.எம்.வேர் ஆட்களோ இது ஃபயர்வால் ஆட்கள் பார்க்க வேண்டியது என்பார்கள்.

முதலாவது, விர்ச்சுவல் சுவிட்சின் (ஹோஸ்டுக்குள், அதாவது வி.எம்.வேர் ஓடும் சர்வருக்குள், வி.எம்.களை இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) பாதுகாப்பு அமைப்பு. வி.ஆர்.ஆர்.பி., கார்ப் (பி.எஃப்.சென்ஸ் பயன்படுத்துவது), ஃபோர்ட்டிகேட்டின் ஹெச்.ஏ. எல்லாமே ஆக்டிவாக இருப்பது எதுவோ அதற்கு ஒரு பொதுவான மேக் அட்ரஸை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள முகவரியை, கொடுக்கும். அந்த அட்ரஸ் வி.எம்.முக்கு வி.எம்.வேர் ஒதுக்கிய அட்ரஸ் இல்லை. விர்ச்சுவல் சுவிட்சுக்கு இது ஆள்மாறாட்டம் போலத் தெரியும், தடுத்துவிடும். அதனால் அந்த போர்ட் குரூப்பில் (வி.எம். கார்டுகள் சேரும் சுவிட்சின் பகுதியில்) ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ், மேக் அட்ரஸ் சேஞ்சஸ் இரண்டும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். பல சாதனங்களுக்கு ப்ராமிஸ்க்யுவஸ் மோடும் (தனக்கு வராத பாக்கெட்டையும் கேட்க விடுவது) வேண்டும். வி.எம்.வேருக்குப் பதில் ஹைப்பர்-வி என்றால் அந்த நெட்வொர்க் கார்டில் மேக் ஸ்பூஃபிங்கை அனுமதிக்க வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் கார்டுக்கு ஃபயர்வால் டிக் போட்டிருந்தால் மேக் ஃபில்டர் குறுக்கே வரும். இது முதல் ஹோஸ்டில் சரியாக இருந்து இரண்டாவது ஹோஸ்டில் விட்டுப்போவதுதான் சர்வ சாதாரணம். ஸ்டாண்டர்டு சுவிட்ச் என்றால் ஒவ்வொரு ஹோஸ்டிலும் தனித்தனியாகக் கையால் போடுவது. யாரோ ஒருவர் சர்வர் மாற்றும்போது புதிதாக ஒரு போர்ட் குரூப் உருவாக்கியிருப்பார், இந்த டிக்குகள் போயிருக்கும். பாசிவாகவே இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. ஃபெயில்ஓவர் ஆன நிமிடத்தில்தான் தெரியும்: ஃபயர்வால் திரையில் எல்லாம் பச்சை, நானே ஆக்டிவ் என்கிறது, ஒரு பிங்கும் போகாது.

ப்ராமிஸ்க்யுவஸ் மோடு போட்டு, அந்த விர்ச்சுவல் சுவிட்சுக்கு இரண்டு கேபிள் கொடுத்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு கேபிள் வழியாக வெளியே போன அறிவிப்பு மற்ற கேபிள் வழியாக அதே வி.எம்.முக்கே திரும்பி வரும். இன்னொருவர் மாஸ்டராக (ஆக்டிவாக) இருக்கிறார் போலும் என்று எண்ணி அது பின்வாங்கும், பிறகு மறுபடி எழும். நிமிடத்துக்கு நாலு தரம் மாஸ்டர், பேக்கப் என்று லாகில் மாறி மாறி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஹோஸ்டின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ரிவர்ஸ் பாத் என்று தேடினால், ப்ராமிஸ்க்யுவஸ் நிலைக்கான ஒரு அமைப்பு வரும். அதை 1 என்று வைத்து, பிறகு அந்த போர்ட் குரூப்பில் ப்ராமிஸ்க்யுவஸை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

இரண்டாவது, பலர் கவனிக்காதது. நிஜப் பெட்டியில் கேபிளைப் பிடுங்கினால் அந்த இன்டர்ஃபேஸ் டவுன் ஆகும், ஹெச்.ஏ. அதைப் பார்த்து மாறும். விர்ச்சுவலில் ஹோஸ்டின் பின்னால் இருக்கும் கேபிளைப் பிடுங்கினாலும் வி.எம்.முக்குள் இருக்கும் கார்டு அப் என்றேதான் காட்டும். அது விர்ச்சுவல் சுவிட்சோடு இணைந்திருக்கிறது, அந்த சுவிட்ச் அப்படியேதான் இருக்கிறது. அதனால் இன்டர்ஃபேஸ் மானிட்டரிங் என்று நீங்கள் டிக் போட்டு வைத்திருப்பது இங்கே ஏறக்குறைய பயனற்றது. கேட்வேக்கோ வெளியே ஒரு நிலையான முகவரிக்கோ பிங் செய்து பார்த்து முடிவெடுக்கும் வசதி ஒவ்வொரு சாதனத்திலும் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள். சோதிக்கும்போதும் வி.எம். செட்டிங்கில் கார்டை டிஸ்கனெக்ட் செய்வது ஒரு சோதனை, ஹோஸ்டின் கேபிளைப் பிடுங்குவது வேறு சோதனை. இரண்டையும் செய்தால் இரண்டு விடை வரும்.

மூன்றாவது, இரண்டு ஃபயர்வாலும் வெவ்வேறு ஹோஸ்டில்தான் இருக்கின்றனவா? ஆரம்பத்தில் பிரித்துத்தான் வைத்திருப்பீர்கள். ஒரு ஹோஸ்டைப் பராமரிப்புக்காக எடுத்தபோது வி.மோஷனில் (ஓடும் வி.எம்.மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் வசதி) நகர்ந்து இரண்டும் ஒரே ஹோஸ்டில் வந்து உட்கார்ந்து, யாரும் திருப்பி அனுப்பாமல் விட்டிருக்கலாம். வி.சென்டர் (எல்லா ஹோஸ்டையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது) இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டுவிடுங்கள். அப்கிரேடு நடக்கும் நேரத்தில் தானியங்கி வி.மோஷன், பேக்கப் ஜாப் இரண்டும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பேக்கப் மென்பொருள் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதும் அழிக்கும்போதும் வி.எம். ஒரு கணம் உறையும். அந்தக் கணம் நீண்டால் ஹெச்.ஏ.வுக்கு அது சாவு போலத் தெரியும். காரணமே தெரியாமல் தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் ஃபெயில்ஓவர் ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பேக்கப் எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

இப்போது நீங்கள் கேட்ட ஸ்னாப்ஷாட். எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் அதுவே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பாசிவ் வி.எம்.மை அணைத்துவிட்டு எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபயர்வாலில், அதுவும் மெமரியோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுப்பது தேவையில்லாத ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து திரும்பும்போது இருக்கிறது. ஒரு பெட்டி புதிய வெர்ஷனில் ஆக்டிவாக ஓடிக்கொண்டிருக்க, மற்றதை ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், அது தன் பழைய நினைவோடு எழும். தான்தான் ஆக்டிவ் என்று அது நினைத்தால் இரண்டும் ஒரே முகவரியைக் கேட்டு அடித்துக்கொள்ளும். எனவே திருப்புவதற்கு முன் அந்த வி.எம்.மின் கார்டுகள் எல்லாவற்றையும் டிஸ்கனெக்ட் செய்துவிட்டு எழுப்புங்கள், கன்சோலில் அது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், ஹார்ட்பீட் கார்டை (இரண்டு ஃபயர்வாலும் தங்களுக்குள் பேசும் கார்டு) முதலில் இணையுங்கள், பேசிக்கொள்கின்றன என்று உறுதியானதும் மற்றதை இணையுங்கள். கான்ஃபிகரேஷனைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் லேப்டாப்பில் வையுங்கள். ஃபயர்வாலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபைல் சர்வரில் வைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது. வேலை முடிந்த பிறகு ஸ்னாப்ஷாட்டை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது வி.எம்.வேரின் பரிந்துரை, வைத்தால் டிஸ்க் ஊதிக்கொண்டே போகும்.

உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் வேறொரு வழியை முதலில் யோசிப்பேன். இரண்டு பெரிய வெர்ஷன் என்றால் நடுவில் ஒன்றிரண்டு வெர்ஷனில் நின்று போகச் சொல்வார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரீபூட், ஒவ்வொன்றிலும் கான்ஃபிகரேஷன் உருமாற்றம். விர்ச்சுவல் என்பதன் பெரிய நன்மை, பக்கத்திலேயே ஒரு புதிய வி.எம். எழுப்ப முடிவது. எதனோடும் இணைக்காத ஒரு விர்ச்சுவல் சுவிட்சில் பழைய வெர்ஷனில் ஒரு வி.எம். எழுப்பி, உங்கள் கான்ஃபிகரேஷனைப் போட்டு, அங்கேயே படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். எந்த விதி உடைகிறது, எந்த வி.பி.என். அமைப்பைப் புதிய வெர்ஷன் ஏற்க மறுக்கிறது, டிஸ்க்கும் மெமரியும் போதுமா என்பதெல்லாம் சாவகாசமாகத் தெரியும். லைசென்ஸ் இடம் கொடுத்தால் அப்படி ஏற்றிய வி.எம்.மையே பாசிவுக்குப் பதிலாகக் கொண்டுவரலாம், பழைய பாசிவ் தொடப்படாமல் அணைந்து கிடக்கும். அதைவிட நல்ல பின்வாங்கும் வழி கிடையாது. ஆனால் லைசென்ஸ் பல சாதனங்களில் வி.எம்.மின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். வி.எம். கோப்புகளை வேறு இடத்துக்கு நகர்த்தி எழுப்பினால், இது நகர்த்தியதா, நகலெடுத்ததா என்று வி.எம்.வேர் கேட்கும், நகலெடுத்தது என்று சொன்னால் அடையாள எண்ணும் மேக் அட்ரஸும் புதிதாகும், லைசென்ஸ் செல்லாமல் போகக்கூடும். இந்த விஷயத்தைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், நான் பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்து, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத பக்கம்: இணைய சேவைக்காரரின் ரவுட்டர். ஃபெயில்ஓவரில் மேக் அட்ரஸ் மாறாத சாதனம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஹைப்பர்வைசர் (வி.எம்.வேர் போன்றது) கொடுத்த மேக்கையே பயன்படுத்தும் வகை என்றால், முகவரி அதே, மேக் வேறு. புதிய ஆக்டிவ் எழுந்ததும் இனி இந்த முகவரி என்னிடம் என்று ஒரு ஏ.ஆர்.பி. அறிவிப்பை எல்லோருக்கும் அனுப்பும். அதை மேலே இருக்கும் ரவுட்டர் ஏற்றுக்கொண்டால் சரி. ஏற்காவிட்டால் பழைய மேக்கையே நினைவில் வைத்திருக்கும். சிஸ்கோ ரவுட்டரில் அந்த நினைவின் வழக்கமான ஆயுள் 4 மணி நேரம். கோத்தகிரியில் ஒரு இடத்தில் இதை நேரில் பார்த்தேன். உள்ளே எல்லாம் ஓடுகிறது, வெளியே மட்டும் போகவில்லை. ஃபயர்வாலில் பாக்கெட் பிடித்துப் பார்த்தால் நம் பக்கத்திலிருந்து கேள்வி போகிறது, பதில் ஒன்றும் வரவில்லை. பதில்கள் எல்லாம் அணைந்து கிடக்கும் பழைய பெட்டியின் பெயருக்கு வந்துகொண்டிருந்தன. சேவைக்காரரின் கோயம்புத்தூர் அலுவலகத்தில் சரியான ஆள் போனை எடுத்து, அந்த ஒரு பதிவை அழித்த மறுநொடி வந்துவிட்டது. அந்த ஆள் கிடைக்கத்தான் நேரம் பிடித்தது. அந்த எண்ணை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

நேரத்துக்கு வருவோம். ராத்திரி இரண்டு மணி என்பது எனக்கு உடன்பாடில்லை. சமவெளியில் அது சரியாக இருக்கலாம். மலையில் அந்த நேரத்தில் ஒன்று தவறினால் மேலே வந்து சேர ஆள் கிடையாது. கம்பெனி என்ஜினியர் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு மேட்டுப்பாளையம் வந்து மலைப்பாதை ஏறி வர வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனத்துக்கு இ-பாஸும் வேண்டும். பனிமூட்டம், மழை என்றால் இன்னும் தாமதம். சேவைக்காரரிடமும் ராத்திரியில் கிடைப்பவர் புகார் எண் கொடுப்பவராகத்தான் இருப்பார். மருத்துவமனையில் ராத்திரி ஆள் குறைவே தவிர அவசரம் குறைவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் வெளியிலிருந்து வர வேண்டியிருப்பது அந்த நேரத்தில்தான். செவ்வாய் அல்லது புதன், காலை ஓ.பி. முடிந்து மதியம் இரண்டிலிருந்து நான்கு மணி வரை என்பதுதான் நான் மருத்துவமனைகளில் கேட்டு வாங்கும் நேரம். சாதனக் கம்பெனி, சேவைக்காரர், கோயம்புத்தூர் ரேடியாலஜி, உங்கள் சொந்த ஆட்கள் எல்லோரும் விழித்திருக்கும் நேரம் அது. காப்பீட்டு முன் அனுமதி பார்க்கும் மேசையிலும் அவசரப் பிரிவிலும் முன்னாலேயே சொல்லி, அந்த நேரத்துக்குக் காகிதத்தில் எழுதும் ஏற்பாடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் தொடவே தொடாதீர்கள். 2009 நவம்பரில் இந்த மலையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பது குன்னூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரம் விழுந்து ஃபைபர் அறுந்த நாளில் நெட் நின்றால், அது அப்கிரேடால் நின்றதா, அறுந்ததால் நின்றதா என்று தெரியாமல் இரண்டையும் தேடுவீர்கள். பாதுகாப்பு ஓட்டை அவசரமானது என்றால் மழை விடும் வரை காத்திருக்க முடியாதுதான். அப்படியானால் அதுவரை ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் இணையத்திலிருந்து எட்டாதபடி மூடிவையுங்கள், அந்தக் குறிப்பிட்ட ஓட்டைக்குக் கம்பெனி சொன்ன தற்காலிகத் தடுப்பையும் செய்யுங்கள்.

இன்னொன்று, ஃபயர்வால் நின்றுபோனால் வி.எம்.வேர் திரைக்கு நீங்கள் எப்படிப் போவீர்கள்? உங்கள் மேசை ஒரு வி.லேனில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்), ஹோஸ்டின் நிர்வாக முகவரி வேறு வி.லேனில், நடுவில் இதே ஃபயர்வால் என்றால் கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான். சர்வர் ராக் பக்கத்தில் நிர்வாக வி.லேனில் நேராகச் செருகிய ஒரு லேப்டாப், அதற்கு மொபைல் டேட்டா, இரண்டு ஹோஸ்டின் ஐ.பி.யும் பாஸ்வேர்டும் காகிதத்தில். வி.சென்டரை நம்பாமல் ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஐ.பி. போட்டு நேராக நுழைந்து கன்சோலைத் திறக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பெயர் போட்டுத்தான் நுழைய முடியும் என்றால், டி.என்.எஸ். சர்வரும் ஃபயர்வாலுக்கு அப்பால் இருந்தால், அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: அப்கிரேடுக்கு ஒரு வாரம் முன்னால், வெர்ஷன் எதையும் மாற்றாமல், வெறும் ஃபெயில்ஓவரை மட்டும் ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் செய்துபாருங்கள். மேலே எழுதிய விர்ச்சுவல் சுவிட்ச் டிக், ஏ.ஆர்.பி., வி.பி.என்., செஷன் பிக்கப் எல்லாமே அன்றைக்கே தெரிந்துவிடும், அதுவும் பழைய நிலைக்கு ஒரு சொடுக்கில் திரும்பக்கூடிய நேரத்தில். லினக்ஸ் கணினியிலிருந்து வினாடிக்கு ஐந்து பிங் வீதம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று ஓடவிடுங்கள். விண்டோஸ் பிங் வினாடிக்கு ஒன்றுதான், அளவு துல்லியமாக வராது. கூடவே ஒரு ரிமோட் டெஸ்க்டாப், ஒரு பெரிய கோப்பு இறக்கம், ஐ.பி. போனில் ஒரு அழைப்பு. எது எத்தனை வினாடி நின்றது, எது அறுந்தது என்று எழுதிவையுங்கள். மாறியதும் நிஜ சுவிட்சின் மேக் பட்டியலில் அந்தப் பொது மேக் இரண்டாவது ஹோஸ்டின் போர்ட்டுக்கு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வால் திரையின் பச்சையைவிட அது நம்பத்தக்க சாட்சி. நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டிய எண்ணும் இதிலிருந்துதான் கிடைக்கும். உங்கள் கட்டடத்தில் அளந்த எண் அது, நானோ கம்பெனியோ சொல்லும் எண்ணைவிட மதிப்பு அதிகம்.

அன்றைய வேலை அதற்குப் பிறகு பெரிதாக இருக்காது. பிரீஎம்ப்ட் அணைந்திருக்கட்டும், கான்ஃபிகரேஷன் சிங்கை (அமைப்பை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாக நகலெடுப்பதை) நிறுத்துங்கள். பிரீஎம்ப்ட் போட்டிருந்தால் அப்கிரேடு முடித்து எழும் பழைய ஆக்டிவ், நீங்கள் எதையும் சரிபார்க்கும் முன்பே, செஷன் பட்டியல் காலியாக இருக்கும்போதே பொறுப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அது நீங்கள் கேட்காத இரண்டாவது தடை. பாசிவை ஏற்றி, எழுந்த பிறகு விதிகள், ரவுட், சான்றிதழ், லைசென்ஸ், கடிகாரம் பார்த்து, மாற்றுங்கள். மாற்றியதும் பில்லிங், ஆய்வகம், காப்பீட்டு மேசை, ரேடியாலஜி என்று ஒவ்வொன்றிலும் உண்மையான ஒரு வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். எத்தனை நிமிடத்துக்குள் இவை வராவிட்டால் பழையதற்குத் திரும்புவது என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். நான் 20 நிமிடம் வைப்பேன். அந்த நேரத்தில் இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும், அதனால்தான் முன்னாலேயே எழுதச் சொல்கிறேன். உங்கள் சாதனம் அனுமதித்தால் இரண்டாவது பெட்டியை அன்றே ஏற்றாமல், ஒரு முழு வேலைநாள் பழைய வெர்ஷனிலேயே காத்திருப்பில் வையுங்கள். அந்த நாளில் விதி எதையும் மாற்ற வேண்டாம். ஆக்டிவ் செத்தால் செஷன் போகும், ஆனால் நெட் இருக்கும். அடுத்த நாள் அதையும் ஏற்றுங்கள்.

இதில் எனக்கு உறுதியானவை வரிசை, பிரீஎம்ப்ட், விர்ச்சுவல் சுவிட்ச் அமைப்பு, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும் முறை, வெறும் ஃபெயில்ஓவர் ஒத்திகை ஆகியவை. உங்கள் இரண்டு வெர்ஷனுக்கு நடுவில் செஷன் பிழைக்குமா, லைசென்ஸ் புதிய வி.எம்.முக்கு இடம் தருமா என்பதைச் சாதனத்தின் பெயர் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. பெயர், இப்போதைய வெர்ஷன், போக வேண்டிய வெர்ஷன், ஸ்டாண்டர்டு சுவிட்சா டிஸ்ட்ரிபியூட்டடு சுவிட்சா என்பதைக் கீழே எழுதுங்கள். பொது இடம் என்பதால் ஐ.பி. முகவரியோ மருத்துவமனையின் பெயரோ போடாதீர்கள். ஒத்திகை முடித்திருந்தால் அந்த வினாடிக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.